டைம் கீப்பர்

முதலில் போனது வெண்டைக்காய்.
சந்தையில் ஒன்றை எடுத்து நுனி ஒடித்து
பிஞ்சுதான் என்று கைக்குத் தெரிந்தபிறகு
"இதுக்கு ஏதோ பேரு சொல்வாங்களே" என்றார்.
சிரித்தேன். அரைக்கிலோ வாங்கினோம்.

முப்பத்தொரு வருஷம்
காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர்.
கம்பிக் கூண்டுக்குள்ளிருந்து, மைக் இல்லாமல்,
தேவகோட்டை திருவாடானை தொண்டீ என்று
சேவுகன் இழுக்கிற தொண்டியில்
கொஞ்சம் கடல் தெரியும்.

மதுரையில் படம் எடுத்தார்கள்.
டாக்டர் ஹசீனா பென்சில் முனையால் காட்டினார்:
இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே
பருப்பு காய்ந்து ஓட்டை விட்டு விலகினமாதிரி
ஒரு கறுப்பு இடைவெளி.
வலப்பக்கம் இன்னும் நிறைந்திருந்தது.
"மறதி இல்லம்மா இது."
அது எனக்கே தெரியும். கேஸை மூடினாரா, நேற்று யார் வந்தது,
யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் சொல்லுவார்.
வார்த்தைக்கு அடியில் கிடக்கிற பொருள்தான்
கரைந்துகொண்டிருக்கிறது.

நான் அரிப்பு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர்.
உப்புத் தண்ணீரில் இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டு
இத்தனை நாளில் இத்தனை மில்லிகிராம் என்று
இருபத்தொன்பது வருஷமாக எழுதுகிறவள்.
அதனால் கேட்டேன்: எது எதைத் தின்கிறது?

ஒரு புரதம் என்றார்.
பெயர் மூன்று எழுத்து, பின்னால் ஒரு நாற்பத்து மூன்று.
அது இருக்கவேண்டிய இடம் செல்லின் உட்கரு.
அங்கே எழுதப்படுகிற செய்திகளைத்
திருத்தி வெளியே அனுப்புவது அதன் வேலை.
இப்போது அதுவே வெளியேறி
நரம்பு இழைகளுக்குள் நீளநீளமாய்க் கட்டி நிற்கிறது.
உள்ளே ஆளில்லை. வெளியே நெரிசல்.
"ஏன் வெளியே வந்துச்சு?"
"தெரியலை."
அந்த ஒரு பதிலுக்காக அவரைப் பிடித்துப்போனது.
இரும்பு என்றால்
எடைபோட்டாவது சொல்லியிருப்பேன்.

அட்டையில் நாரை.
முதல் வருஷம் கொக்கு என்றார்.
அடுத்த வருஷம் கோழி. அப்புறம் பறவை.
இப்போது, "அது."
தொண்டி வண்டி திருவாடானையோடு நின்று
பிறகு தேவகோட்டையோடு நின்று
ஸ்டாண்டை விட்டே கிளம்பாமல்
இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டப்பாவில் நான் ஒட்டிய சீட்டைப்
பிசகில்லாமல் படிக்கிறார்: உப்பு.
ஒற்றில் அழுத்தம்கூடச் சரியாக.
படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.
"உப்புன்னா என்ன?"
நாக்கில் ஒரு கல் வைத்தேன்.
முகம் சுளித்து, கொஞ்சம் யோசித்து,
"ஆமா, இவன்தான்" என்றார்,
ஒளிந்திருந்த ஆளைப் பிடித்துவிட்ட மாதிரி.

எண்கள் மட்டும் போகவில்லை.
அவை மண்டையில் வேறு தெருவாம், மேலே, பின்பக்கம்.
அந்தப் பக்கம் இன்னும் ஒன்றும் எட்டவில்லை.
ரோட்டில் ஹார்ன் கேட்டால் படுத்தபடியே சொல்கிறார்:
"ஆறு பதினஞ்சு. நாலு நிமிஷம் லேட்டு."
கடிகாரம் பார்த்தால் அவ்வளவுதான் இருக்கும்.
எங்கே போகிற வண்டி என்று மட்டும்
கேட்கக்கூடாது.

என் பெயர் பிரேமகுமாரி.
பிரேமாவாகி, ஏம்மாவாகி,
போன தையோடு அதுவும் நின்றது.
கையை நீட்டுவார், நான் போவேன்.

நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது.
நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.
உள்ளேயிருந்து கூண்டுக்காலத்துக் குரலில்
"ஏழு பத்து!"
மணி எட்டரை. ஏதோ வண்டி என்று இருந்துவிட்டேன்.
மறுபடி, "ஏழு பத்து!"
மூன்றாம் தடவை குரல் உடைந்தது.
கையிலிருந்த துணி மண்ணில் விழுந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம்
தேவகோட்டையிலிருந்து வந்து, ஸ்டாண்டில் இறங்கி,
ஆய்வுக்கூடத்துக்கு நான் மாறி ஏறுகிற வண்டி அது.
நான் வர தாமதமானால் கூண்டிலிருந்து கை காட்டி நிறுத்திவைப்பார்.
கிளம்பும்போது ஏழு பன்னிரண்டு.
நோட்டில் ஏழு பத்து என்றே எழுதியிருப்பார்.

இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போனேன்.
"வந்துட்டேன்" என்றேன்.
"லேட்டு" என்றார்.